சாவியைக் கொடுத்துப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

கே: எங்கள் சபையில் வாலிபர் என்றால் நாற்காலி போட வேண்டும், கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்ட வேண்டும், அறுப்பின் பண்டிகையில் ஏலம் கூவ வேண்டும். இதற்குப் பெயர் தலைமைத்துவமா?
– கல்லூரி மாணவர், ஹார்விபட்டி

ப: நாற்காலி போடுவதைக் குறைவாக நினைக்காதீர்கள், தம்பி. சீஷர்களின் கால்களைக் கழுவியவரைப் பின்பற்றுகிறவர்கள் நாம். குனிந்து வேலை செய்யத் தெரியாதவர்கள் கையில் சபை போனால் என்ன ஆகும் என்பதைப் பல ஊர்களில் பார்த்தாயிற்று. ஆனால் பதினெட்டு வயதில் நாற்காலி போட்டவர் இருபத்தெட்டிலும் அதை மட்டுமே செய்துகொண்டிருந்தால், அது பெரியவர்களின் குற்றம். பண்டிகைக் காணிக்கை எதற்குச் செலவாகிறது, யாருடைய வீட்டில் கஷ்டம், எந்தப் பிள்ளைக்குப் படிப்புக் கட்டணம் கட்ட வேண்டும் என்று பேசுகிற இடத்திலும் அவருக்கு ஒரு நாற்காலி வேண்டும். அடுத்த முறை கூப்பிட்டால் போய்ப் போடுங்கள். போட்டு முடித்துவிட்டு ஆயரிடம் கேளுங்கள்: “ஐயா, இந்தப் பண்டிகையின் வரவு செலவை நாங்கள் எழுதித் தருகிறோமே?” வேர்வை காயாத முகத்தோடு கேட்கிறவரை ‘முடியாது’ என்று சொல்லி அனுப்புவது எளிதல்ல.

கே: சபையில் பொறுப்பு எடுக்க எத்தனை வயது ஆக வேண்டும்?
– பாலிடெக்னிக் மாணவர், நிலையூர்

ப: சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் கப்பல் இறங்கியபோது இருபத்துமூன்று வயது இளைஞர். வெள்ளாளன்விளையில் பிறந்த வே. சா. அசரியா 1895-ல் ஒய்.எம்.சி.ஏ. ஊழியத்துக்கு வந்தபோது இருபத்தொன்றை ஒட்டிய வயது. இந்திய மிஷனெரி சங்கத்தைத் தோழர்களோடு சேர்ந்து தொடங்கிய 1903-ல் அவருக்கு இருபத்தெட்டு. லெஸ்லி நியூபிகின் 1947-ல் நம் மதுரை – இராமநாதபுரம் பேராயத்தின் முதல் பேராயராக வந்தபோது முப்பத்தேழு. இன்று நம் சபைகள் சிலவற்றில் முப்பத்தேழு வயதுக்காரர் இன்னும் ‘நம்ம தம்பி’தான், கமிட்டியில் வாய் திறந்தால் ‘பொறுமையா இருப்பா’ என்பார்கள். வயதை விடுங்கள். ஒப்படைத்ததைச் செய்து முடிக்கிறவரா, தவறினால் வந்து சொல்கிறவரா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் பதினேழு வயதே போதும்.

கே: இளம் கிறிஸ்தவர்களை வளர்த்த வரலாறு மதுரைப் பக்கம் உண்டா? கேட்டால் எல்லாரும் திருநெல்வேலிச் சீமையைத்தான் சொல்கிறார்கள்.
– பள்ளி ஆசிரியை, திருப்பரங்குன்றம்

ப: டீச்சர், நீங்கள் தினமும் பஸ்ஸில் அந்த வரலாற்றைத் தாண்டித்தான் போகிறீர்கள். பசுமலை நிறுத்தத்தில் ஒருநாள் இறங்கிப் பாருங்கள்.

அமெரிக்கன் மதுரை மிஷன் 1834-ல் இங்கே வந்தது. அமெரிக்காவிலிருந்து நேராக அல்ல, யாழ்ப்பாணத்திலிருந்து. அங்கே வட்டுக்கோட்டையில் 1823-லேயே செமினரி வைத்து உள்ளூர் இளைஞர்களுக்கு உயர்கல்வி கொடுத்த அதே மிஷன் அது. மதுரையிலும் அதே வழியில் போனார்கள். 1842-ல் திருமங்கலத்தில் வில்லியம் டிரேசி ஒரு விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். 1845-ல் அது பசுமலைக்கு வந்தது. கிராமத்துப் பையன்களைச் சேர்த்து, படிக்க வைத்து, உபதேசியாராகவும் ஆசிரியராகவும் திருப்பி அனுப்புவதுதான் நோக்கம். அந்தப் பள்ளி வளர்ந்து 1881-ல் கல்லூரி ஆனது. இன்று கோரிப்பாளையத்தில் இருக்கும் அமெரிக்கன் கல்லூரிக்கு வேர் பசுமலையில்தான்.

அந்த உபதேசியார் வேலையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். இருபது வயதைத் தாண்டிய ஒருவர், ஓலைக் கூரை போட்ட ஜெபவீடு, பகலில் அதுவே பள்ளிக்கூடம். எழுத்துச் சொல்லிக்கொடுப்பதும் அவர், சாவு வீட்டில் ஜெபிப்பதும் அவர். ஆயர் எப்போதாவதுதான் வருவார். பக்கத்தில் நின்று திருத்த ஆள் இல்லை. அந்த நெருக்கடியில்தான் அவர்களுடைய விசுவாசம் கெட்டிப்பட்டது. வகுப்பில் கேட்டதைவிட ஊரில் சுமந்தது அதிகம் என்றே நான் நினைக்கிறேன்.

1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி நியூபிகின் இங்கே வந்தபோது, கிராமச் சபைகளைக் கிராமத்து ஆட்களே தாங்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். 1969-ல் அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி வந்தது. வளாகத்தை விட்டு வெளியேறி, ஏழை மக்கள் வாழும் பகுதிகளில் தங்கிப் படிக்கும் முறையை அது தன் மாணவர்களுக்கு வைத்தது. வேதத்தைப் புத்தகத்தில் படித்தவர் தெருக்குழாயில் தண்ணீருக்கு வரிசையில் நின்றும் படிக்க வேண்டும் என்பது நல்ல ஏற்பாடு.

திருநெல்வேலிக் கதையிலும் நமக்கு ஒரு பங்கு உண்டு. அசரியா 1902-ல் யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள், அதிலும் மாணவர்கள், தங்கள் காசைப் போட்டு, கடல் தாண்டித் தொண்டிப் பக்கம் ஊழியம் நடத்துவதைக் கண்டார். தொண்டி நம் கரை. எண்ணிக்கையில் அவர்களைவிடப் பெரியவர்களான திருநெல்வேலிச் சபையார் ஏன் இப்படிச் செய்யவில்லை என்ற கேள்வியோடு ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டே இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. 1912-ல் அவர் தோர்ணக்கல் பேராயர் ஆனார், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். இத்தனைக்கும் முதல் பொறி மாணவர்கள் போட்ட காணிக்கை.

கே: மேடையேறிப் பேச நடுக்கமாக இருக்கிறது. நான் எப்படித் தலைவராவது?
– நர்சிங் மாணவி, பசுமலை

ப: மைக் இல்லாத இடத்தில் தொடங்குங்கள். உங்கள் வார்டில் இராத்திரி தூக்கம் வராமல் கிடக்கிற பாட்டியிடம் பத்து நிமிடம் பேசுகிறீர்களே, அங்கேயே தொடங்கியாயிற்று. மோசேக்கும் வாய் திக்கியது.

கே: என் மகன் சண்டே ஸ்கூலில் எல்லாப் பரிசும் வாங்கியவன். திடப்படுத்தல் முடிந்த பிறகு கோயில் பக்கமே வருவதில்லை. எங்கே தவறினோம்?
– ஒரு தாய், தனக்கன்குளம்

ப: அம்மா, உங்களை மட்டும் குற்றப்படுத்திக்கொள்ளாதீர்கள். பல சபைகளில் திடப்படுத்தல், பள்ளி இறுதி வகுப்புப் பிள்ளைகளுக்கு நடத்தும் பிரிவு உபசார விழா மாதிரி ஆகிவிட்டது. வெள்ளை உடை, போட்டோ, பிரியாணி, அதோடு சரி. அதுவரை வாரம் தவறாமல் அவனைத் தேடிய சபை, மறுவாரத்திலிருந்து தேடவில்லை. பதினைந்து பதினாறு வயதில் நற்கருணைக்குத் தகுதி என்று சொல்லிவிட்டு, வேறு எதற்கும் தகுதி இல்லை என்பதுபோல் நடத்தினால் பிள்ளை என்ன புரிந்துகொள்வான்?

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ‘ஏன் வரவில்லை’ என்று கேட்பதை ஒரு மாதம் நிறுத்துங்கள். அதற்குப் பதில் ‘உனக்கு எது நம்ப முடியாமல் இருக்கிறது’ என்று கேளுங்கள். பதில் கோபமாக வரலாம், வரட்டும். முழுவதும் கேளுங்கள், நடுவில் ஜெபம் பண்ணி வாயை அடைக்காதீர்கள். தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும்போது பவுல் முதலில் அவருடைய பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் நினைக்கிறார். பாட்டியிடம் தொடங்கி அடுப்படியில் வளர்ந்த விசுவாசம் அது. உங்கள் மகன் நீங்கள் கஷ்டத்தில் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்று இப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறான். கோயிலுக்கு வராதவன் வீட்டில்தானே இருக்கிறான், அங்கே உங்கள் சபை நடக்கட்டும்.

ஆயரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: அவனைப் பார்க்க வரும்போது அறிவுரை வேண்டாம், ஒரு வேலையோடு வரட்டும். சவுண்ட் சிஸ்டம் பழுது பார்க்கவோ, சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரவோ ‘நீ வேண்டும்’ என்று கேட்டால் வரக்கூடிய பையன்கள் நிறையப் பேர்.

கே: வாலிபர் கூடுகையில் கேள்வி கேட்க விட்டால் விசுவாசம் ஆடிப்போகாதா?
– உபதேசியார், மதுரைக்கு மேற்கே ஒரு கிராமம்

ப: ஆண்டவர் பன்னிரண்டு வயதில் தேவாலயத்தில் போதகர்கள் நடுவில் உட்கார்ந்து கேள்வி கேட்டார் என்று லூக்கா எழுதுகிறார். அவரை யாரும் எழுப்பி அனுப்பவில்லை. பதில் தெரியாவிட்டால், ‘தெரியவில்லை தம்பி, அடுத்த வாரம் பார்த்துச் சொல்கிறேன்’ என்று சொல்லுங்கள், ஐயா. சொன்னபடி அடுத்த வாரம் வாருங்கள். அப்படி வருகிற உபதேசியாரை எந்த வாலிபனும் விட்டுப் போக மாட்டான்.

கே: யூடியூபில் நல்ல நல்ல செய்தி வருகிறது. ஞாயிற்றுக்கிழமை ஏன் கோயிலுக்குப் போக வேண்டும்?
– ஐ.டி. ஊழியர், பழங்காநத்தம்

ப: செய்தி கேளுங்கள், நல்லதுதான். ஆனால் உங்கள் அப்பாவை இராஜாஜி ஆஸ்பத்திரியில் சேர்த்த இரவில் அந்தச் செய்தியாளர் சாப்பாட்டுக் கேரியரோடு வரமாட்டார். நீங்கள் தப்பு வழியில் போனால் தோளில் கைவைத்து நிறுத்தவும் மாட்டார். சபையில் உங்களுக்குப் பிடிக்காத நாலு பேர் இருப்பார்கள். அவர்களோடு ஒரே பாத்திரத்தில் பங்கெடுக்கப் பழகுவதும் விசுவாசத்தில் வளர்வதுதான்.

கே: தினமும் வேதம் வாசிக்கத் தொடங்கி மூன்றாம் நாள் விட்டுவிடுகிறேன்.
– பிளஸ் டூ மாணவர், திருநகர்

ப: மாற்கு சுவிசேஷம் பதினாறே அதிகாரம். நண்பன் ஒருவனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஓர் அதிகாரம், சாயங்காலம் ஐந்து நிமிடம் இருவரும் அதைப் பற்றிப் பேசுங்கள். தனியாக ஓடுகிறவர்தான் சீக்கிரம் நிற்கிறார்.

கே: எங்கள் வாலிபர் சங்கத் தேர்தலில்கூட யார் எந்த ஆட்கள் என்று பார்த்துத்தான் ஓட்டு. நான் ஜெயித்தால் ஒரு கூட்டம் கூடுகைக்கே வராதாம். நான் நிற்கட்டுமா, விலகட்டுமா?
– பட்டதாரி இளைஞர், திருமங்கலம்

ப: நில்லுங்கள்.

இந்த நோய் புதிதல்ல. 1847-ல் மதுரை மிஷனுக்குள்ளேயே இது வெடித்தது. எல்லாரோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், சாதியை விட்டால்தான் சபையில் வேலை என்று மிஷன் உறுதியாக நின்றது. பல உபதேசிமார் பிரிந்து போனார்கள், பசுமலைச் செமினரியும் ஆட்டம் கண்டது. பள்ளி வைத்து ஐந்து ஆண்டு. வளர்த்த இளைஞர்களில் பலர் ஒரு வேளைச் சாப்பாட்டுக்காக எழுந்து போவதைப் பார்ப்பது எவ்வளவு வலித்திருக்கும்! ஆனாலும் மிஷன் பின்வாங்கவில்லை. அந்த முடிவு சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நூற்றெழுபது ஆண்டு கடந்தும் கல்லறைத் தோட்டத்தில் சுவர், பெண் பார்க்கும்போது கேள்வி, தேர்தலில் கணக்கு என்று அது நம்மோடேயே இருக்கிறது என்றால், பெரியவர்கள் தோற்றுவிட்டோம். இதை முடிக்க வேண்டியவர்கள் நீங்கள். ஜெயித்தால் முதல் காரியமாக, வராமல் போனவர்களின் வீட்டுக்கு நீங்களே போங்கள். தோற்றால் அடுத்த வருடமும் நில்லுங்கள். சாதிக் கணக்குப் பார்த்துப் பதவிக்கு வருகிறவர் எத்தனை வசனம் மனப்பாடமாகச் சொன்னாலும், கிறிஸ்தவத் தலைவர் என்று அவரை ஒப்புக்கொள்ள என்னால் முடியாது.

கே: சண்டே ஸ்கூல் முழுக்க நடத்துவது பெண்பிள்ளைகள். கமிட்டியில் முடிவெடுப்பது ஆண்கள். சரிதானா?
– சண்டே ஸ்கூல் ஆசிரியை, பசுமலை

ப: சரியில்லை. மதுரையில் பெண்களுக்கென்று கேட்டி வில்காக்ஸ் லேடி டோக் கல்லூரியைத் தொடங்கியது 1948-ல். தென்னிந்தியத் திருச்சபை பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கத் தொடங்கியது 1976-ல். 2013-ல் நந்தியால் பேராயத்துக்கு புஷ்பலலிதா அம்மையார் பேராயரானார், இத்திருச்சபையின் முதல் பெண் பேராயர். பேராயமே ஒரு பெண்ணிடம் வந்துவிட்டது. உங்கள் சேகரக் கமிட்டியில் பெண்களுக்கு இடம் கேட்பது ஒன்றும் புரட்சியல்ல. அடுத்த தேர்தலுக்கு நீங்கள் மனு கொடுங்கள், உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் தாய்மார் எல்லாரிடமும் போய் ஓட்டுக் கேளுங்கள். அதிலேயே உங்கள் பலம் தெரிந்துவிடும்.

கே: முழுநேர ஊழியத்துக்குப் போனால்தான் ஆண்டவருக்குப் பிரியமா? நான் பி.காம். படிக்கிறேன், ஆடிட்டர் ஆக ஆசை.
– கல்லூரி மாணவர், டி. கல்லுப்பட்டி

ப: உங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது. ஜே. சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தது டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில். 1892-ல் தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர், இலண்டனில் தணிக்கை படித்தவர், பம்பாயில் நல்ல வருமானம் வந்த ஆடிட்டர். 1929-ல் காந்தியைச் சந்தித்த பிறகு கிராமங்களுக்காகவே வாழ்ந்தார். 1934 பீகார் பூகம்ப நிவாரண நிதிக்குக் கணக்குப் பார்த்தது அவர்தான். காந்தியும் அவரோடு வந்தவர்களும் அங்கே தங்கிய செலவைக்கூட அந்த நிதியில் எழுத அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பூகம்பத்தில் வீடிழந்தவனின் காசு, அதை மகாத்மாவும் தொடக்கூடாது! இயேசுவின் போதனையைப் பற்றிச் சிறையிலிருந்தபடியே புத்தகம் எழுதியவர். காந்தி மறைந்த அதே ஜனவரி 30-ஆம் நாளில், 1960-ல் காலமானார்.

குமரப்பா பிரசங்க பீடத்தில் அல்ல, கணக்குப் புத்தகத்தில் சாட்சி சொன்னார். இன்று நம் சபைச் சொத்துகளும் நிதியும் கோர்ட்டு வாசலில் நிற்கிற ஊர்கள் எத்தனை! நேர்மையான ஆடிட்டர்கள் நமக்கு அவசரமாகத் தேவை. படியுங்கள், நன்றாகப் படியுங்கள். ஊழியத்துக்குத்தான் அழைப்பு என்று உள்ளம் சொன்னால் அரசரடி தூரமில்லை. மருத்துவம் என்றால் ஒட்டன்சத்திரத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். 1955-ல் டாக்டர் தாரியனும் தோழர்களும் தொடங்கிய கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனை, கிராம மக்களுக்காக அங்கே நிற்கிறது.

கே: மலையடிவாரத்தில் வாழ்கிறோம். மேலே தர்கா, கீழே முருகன் கோயில், தினமும் வாட்ஸ்அப்பில் சண்டை. கிறிஸ்தவ வாலிபர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் நல்லதா?
– வாலிபர் சங்கச் செயலாளர், திருப்பரங்குன்றம்

ப: முதலில் போனில் ஒரு காரியம்: கோபமூட்டும் செய்தி எதுவும் உங்கள் கையைத் தாண்டிப் போகக்கூடாது, உங்கள் தரப்புக்குச் சாதகமாக இருந்தாலும். இதைச் சங்கத்தில் தீர்மானமாகவே போடுங்கள்.

அந்த மலையில் முருகன் சந்நிதியும் சிக்கந்தர் தர்காவும் மட்டுமல்ல, ஈராயிரம் ஆண்டுப் பழமையான சமணப் படுக்கைகளும் இருக்கின்றன. அவரவர் தெய்வத்தைத் தேடி வெவ்வேறு மக்கள் ஏறிய மலை அது. நடுவில் சிறுபான்மையாக வாழ்வது பயப்பட வேண்டிய காரியம் அல்ல. பரீட்சை நேரத்தில் தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் மாலை வகுப்பு நடத்துங்கள், மதம் கேட்காமல். இரத்ததானத்துக்கு மூன்று தரப்புப் பையன்களையும் ஒரே வேனில் அழைத்துப் போங்கள். உதவிக்குப் பின்னால் வேறு கணக்கு வைக்காதீர்கள். அதே சமயம், உங்கள் நம்பிக்கையைப் பற்றி யாராவது கேட்டால் மழுப்பவும் வேண்டாம். நேராகச் சொல்லுங்கள், மரியாதையாகச் சொல்லுங்கள், அவர்கள் சொல்வதையும் கேளுங்கள். தெருவில் பதற்றம் வருகிற நாளில் நாலு வீட்டுக்காரர்களும் நம்பிக் கதவு திறக்கிற ஒரு பையன் இருந்தால், அந்தத் தெருவுக்குத் தலைவர் அவன்தான்.

கே: பொறுப்பைக் கொடு, கொடு என்கிறீர்கள். கொடுத்தால் கெடுத்துவிடுவார்களே?
– சேகரக் கமிட்டி உறுப்பினர், மதுரை

ப: சில நேரம் கெடுப்பார்கள், ஐயா. மாற்கு பாதி வழியில் விட்டுத் திரும்பினார். அடுத்த பயணத்துக்கு அவர் வேண்டாம் என்று பவுல் கறாராகச் சொன்னார். பர்னபா மட்டும் கைவிடாமல் கூட்டிக்கொண்டு போனார். பின்னாளில் அதே மாற்கு தனக்குப் பிரயோஜனமானவர் என்று பவுலே எழுதிக் கேட்டனுப்பினார். சபைக்கு ஒரு பர்னபா வேண்டும், அது நீங்களாக இருக்கலாமே. பொறுப்பைக் கொடுத்துவிட்டுத் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்ப்பதும் வேண்டாம், ‘எப்படியோ போகட்டும்’ என்று கைகழுவுவதும் வேண்டாம். கேட்டால் சொல்லும் தூரத்தில் இருங்கள்.

உங்களுக்கும் இதைப் படிக்கிற எல்லாச் சபைப் பெரியவர்களுக்கும் என் வேண்டுகோள் இது. வரும் மே மாத வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) பொறுப்பை இருபத்தைந்து வயதுக்குட்பட்ட இருவரிடம் முழுவதும் ஒப்படையுங்கள். ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். கோயில் சாவி, செலவுப் பணம், பாட்டு, பாடம், பிள்ளைகளுக்கான சுண்டல் எல்லாம் அவர்கள் கையில். நீங்கள் பின்வரிசையில் உட்காருங்கள். முடிந்ததும் கணக்கைச் சபை முன்னால் அவர்களே வாசிக்கட்டும். எப்படி நடந்தது என்று ஜூன் மாதம் எங்களுக்கு எழுதுங்கள், இதே பக்கத்தில் வெளியிடுகிறோம்.